மைட்டர் மெசினில் பட்டதும் கற்றதும்

ஆரையம்பதியிலிருந்து:

ஆறு வருடமாக மைட்டர் மெசின் பிடிக்கிறேன், வட்டப் பிளேட்டை மேலிருந்து இறக்கி மரத்தை நேராகவும் சாய்வாகவும் வெட்டுகிற மெசின். அதற்கு முதல் அப்பாவோடு கைவாளும் சீவுளியும்தான். போன மாசி மாதம் ஒரு மத்தியானம், கதவு நிலையைச் சுற்றி அடிக்கிற சட்டத்துக்கு இரண்டு அங்குலத் துண்டு ஒன்று குறைந்தது. பக்கத்தில் கிடந்த தேக்குத் துண்டு ஒரு சாண்கூட இல்லை. நீளமான சட்டம் மூலையில் இருந்தது, எழுந்து போய் எடுக்கவில்லை. கிளாம்பும் போடவில்லை. இடது கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு பிளேட்டை இறக்கினேன். பல் மரத்தில் தொட்ட சத்தம் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. துண்டு கையை விட்டுப் பறந்து சுவரில் அடித்தது, பெருவிரல் நகம் அதோடு போய்விட்டது. ஐந்து தையல். எலும்பில் படவில்லை, அது ஆண்டவன் செயல்.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில்தான் ஏன் அப்படி நடந்தது என்று யோசித்தேன். பத்தங்குலப் பிளேட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், பல்லின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர் அளவில் வரும். அதைக் கை பிடித்து நிறுத்தாது. இன்னொன்று, பிளேட்டின் அடிப்பக்கப் பற்கள் எப்போதும் நம்மை விட்டு விலகி, மரத்தை முட்டக் கொடுக்கிற பின்தடுப்பை நோக்கித்தான் ஓடும். மரம் தடுப்போடு ஒட்டி இருந்தால் அந்த இழுப்பே மரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நடுவில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் மரத்தைத் தூக்கி அடிக்கும், பிடித்த கையும் கூடவே போகும். அன்று என் துண்டின் ஒரு முனை மட்டும்தான் தடுப்பில் தொட்டுக்கொண்டிருந்தது.

இப்போது மெசின் மேசையில் பிளேட்டுக்கு இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் தள்ளிச் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டிருக்கிறேன், அந்தக் கோட்டுக்குள் விரல் வராது. சின்னத் துண்டு வேண்டுமென்றால் நீளமான மரத்தின் நுனியில் இருந்துதான் வெட்டுவேன், கை நீளப் பக்கத்தில் இருக்கும். பிளேட் முழு வேகத்துக்கு வந்த பிறகு இறக்குவது, வெட்டி முடிந்ததும் சுவிட்சை விட்டுவிட்டு பிளேட் நின்ற பிறகுதான் மேலே தூக்குவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் செய்வதில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் பிளேட்டைத் தூக்கும்போதுதான் வெட்டுப்பட்ட துண்டு பல்லில் மாட்டிக்கொண்டு தெறிக்கிறது. வெட்டும் அப்போதுதான் கெடுகிறது, வெட்டிய மரத்தின் முகத்தில் ஒரு கீறல் விழுந்துவிடும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். புதிதாக வேலை பழகும் பொடியன்கள் வாசிக்கட்டும்.

சாய்ந்தமருதிலிருந்து:

தம்பி, விரல் தப்பியதற்கு அல்ஹம்துலில்லாஹ். எங்களுடையது அலுமினிய வேலை, யன்னல் பிரேம், கதவு, சோகேஸ். மரத்தை விட அலுமினியம் பொல்லாதது. என் காக்கா (அண்ணன்) ஒருநாள் மரம் வெட்டுகிற 40 பல் பிளேட்டை மாற்றாமலே அலுமினியப் பெட்டிக் குழாயை வைத்து வெட்டினார். பல் குழாயைக் கவ்வி இழுத்தது, குழாய் சப்பளிந்து பிளேட்டில் மூன்று பல் தெறித்துப் போனது. ஒரு பல் சீலிங்கில் ஏறி நின்றது. கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தப்பியது.

அலுமினியத்துக்கு 80 முதல் 100 பல் இருக்கிற பிளேட், அதிலும் பல் முன்னுக்குச் சாயாமல் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்த வகை எடுக்க வேண்டும், அது கவ்வாது, சுரண்டிக்கொண்டு போகும். குழாயை இரண்டு கிளாம்பில் இறுக்குகிறோம். மெல்லிய தகடு என்றால் பின்னால் பழைய பலகைத் துண்டு ஒன்றை வைத்து அதையும் சேர்த்து வெட்டுகிறோம், வாய் நசுங்காது. பிளேட்டில் மெழுகு தேய்த்தால் சீவல் ஒட்டாது.

இன்னொரு விசயம், இதை யாரும் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு இடத்தில் இரும்பு வெட்டுகிற கல் டிஸ்கை மரம் வெட்டுகிற மைட்டர் மெசினில் மாட்டினார்கள். பொறி பறந்து பின்னால் தூள் சேருகிற பையில் விழுந்தது. பைக்குள் முழுக்க மரத்தூள். கொஞ்ச நேரம் புகைந்துவிட்டு பிறகுதான் பற்றியது, அதற்குள் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கடை தப்பியது, மெசின் போய்விட்டது. இரும்புக்கு வேறு மெசின் இருக்கிறது, அதன் வேகமும் கவசமும் வேறு. பிளேட் எதுவாக இருந்தாலும் அதில் அடித்திருக்கிற உச்சச் சுற்று மெசினின் சுற்றை விடக் கூடவாக இருக்க வேண்டும், பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

திருக்கோவிலிலிருந்து:

நான் வீட்டிலேயே சாமிப் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். காயம் எதுவும் படவில்லை அண்ணா, ஆனால் மூலை சேராமல் அழுதிருக்கிறேன். கோவில் திருவிழாவுக்காக ஒருவர் பன்னிரண்டு படம் கேட்டார், பன்னிரண்டிலும் கடைசி மூலை வாயைத் திறந்துகொண்டு நின்றது. மெசினில் 45 என்ற இடத்தில் முள் சரியாகத்தான் நின்றது.

ஒரு சட்டத்துக்கு நாலு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிழைத்தால் கடைசி மூலையில் நாலு பாகை சேர்ந்து வந்து நிற்கும். மெசினில் ஒட்டியிருக்கிற அளவை நம்பியது என் பிழை. இப்போது முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு மூலைமட்டத்தைத் தடுப்புக்கும் பிளேட்டுக்கும் இடையில் வைத்துப் பார்க்கிறேன், பல்லில் படாமல் தகட்டில் மட்டும் படும்படி, ஏனென்றால் பல் தகட்டை விடத் தடிப்பு. பிறகு அகலமான பலகைத் துண்டு ஒன்றை 90 பாகையில் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை மட்டும் புரட்டி வைத்து இரண்டு வாயையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடிப்பேன். வெளிச்சம் தெரிந்தால் மெசினில் இருக்கிற பிழை இரட்டிப்பாகித் தெரிகிறது என்று அர்த்தம், கண்ணுக்குத் தப்பாது. 90 சரியான பிறகுதான் 45.

எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் பாகை சரியாக இருந்தும் மூலை சேராது. ஆகவே அளந்து அளந்து வெட்டாமல் தடுப்பில் ஒரு கட்டையை இறுக்கி, அதில் முட்டக் கொடுத்து வெட்டுகிறேன். கட்டை ஒரு பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டும், வெட்டி விழுகிற துண்டு மற்றப் பக்கம் சும்மா கிடக்க வேண்டும். இரண்டு பக்கமும் முட்டினால் துண்டு பிளேட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கித் தெறிக்கும்.

மரம் காய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாரியில் வெட்டிச் சேர்த்த சட்டம் கச்சான் என்கிற காய்ந்த காற்று அடிக்கத் தொடங்கியதும் உள்மூலையில் பிளக்கும், மரம் அகலவாட்டில்தான் சுருங்கும், நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு. காய்ந்த நாளில் செய்தது மாரியில் வெளிமூலையில் பிளக்கும். அந்தப் பன்னிரண்டு சட்டத்தில் பாதிக்கு மேல் காரணம் பச்சை மரம்தான் என்று பிறகு விளங்கியது.

வாழைச்சேனையிலிருந்து:

வாசித்தேன் மனே. நாற்பது வருடமாக ஓடாவி வேலை, அதாவது தச்சு வேலை செய்கிறவன், இந்த மெசின் என் கைக்கு வந்து பதினைந்து வருடம்தான். என்னிடம் வேலை பழகிய பொடியன் ஒருவன், கோடு தெரியவில்லை என்று பிளேட் மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டி வைத்திருந்தான். நான் அன்று கம்பியை வெட்டி எறிந்தேன், அவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. வந்த பிறகு மூடியைத் துடைத்துக் கொடுத்தேன். அழுக்குப் படிந்ததால்தான் கோடு தெரியாமல் இருந்திருக்கிறது.

எனக்குப் பயம் காட்டியது நீள மரம். பன்னிரண்டு அடி முதிரைப் பலகை, ஒரு பக்கம் தாங்கல் இல்லாமல் தொங்கியது. பாதி வெட்டும்போது பலகை மடிந்து வாய் மூடி பிளேட்டைப் பிடித்துக்கொண்டது, மெசினே மேசையில் இருந்து எழும்பியது. நீள மரத்துக்கு இரண்டு பக்கமும் மெசின் மட்டத்துக்குத் தாங்கல் வேண்டும். வளைந்த மரம் என்றால் வளைவின் முதுகுப் பக்கம் தடுப்பில் ஒட்டட்டும், குழிப் பக்கத்தைத் தடுப்பில் வைத்தால் வாய் மூடி பிளேட் சிக்கும்.

கையுறை போடக் கூடாது, பல்லில் நூல் மாட்டினால் கையையே இழுக்கும். இடுப்பில் சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டும் மெசினில் நிற்காதீர்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் சொறி கொண்டுவரும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பிளேட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றுங்கள், பிளேட்டை இறுக்கியிருக்கிற ஆணி பெரும்பாலும் எதிர்ப்புரி, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இடப்பக்கம் திருகித் திருகி ஆணித் தலையை உடைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். முன்னுக்கு இழுக்கிற மெசின் என்றால் முதலில் வெறுமனே இழுத்து, இறக்கி, அப்புறம் தள்ளிக்கொண்டே வெட்ட வேண்டும். இழுத்துக்கொண்டு வெட்டினால் பிளேட் மரத்தில் ஏறி உங்களிடம் வரும்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன். விரல் துண்டாகிப் போனால் அதை நேரே ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோங்கள். காயத்தை அழுத்திப் பிடித்து உயர்த்தி வையுங்கள், இலங்கை அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடியுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து:

அப்பு, எதிர்ப்புரி விசயத்தில் நானும் ஒரு ஆணியை உடைத்தவன். சாமிப் பட அக்கா சொன்ன புரட்டிப் பார்க்கிற வேலையை நேற்றுப் பின்னேரம் செய்தேன். வெளிச்சம் தெரிந்தது. ஆறு வருடமாகச் சரி என்று நினைத்திருந்த 90 சரியில்லை. தடுப்பின் ஆணிகளைத் தளர்த்தி, மூலைமட்டம் வைத்து, இறுக்கி, மறுபடி வெட்டி, மறுபடி புரட்டி, ஐந்தாவது தடவையில்தான் வாய் ஒட்டியது. பெருவிரல் இன்னும் முழுசாக மடங்காததால் ஆணி இறுக்கியது தம்பிதான்.