ஜெபினோட ரெண்டு லட்சமும் சிட்னி அத்தை சொன்ன ஹில்சாங் கதையும்

வாட்ஸ்அப் குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

சனிக்கிழமை

ஜெபின் (காலை 7:40): *ஃபார்வர்ட் செய்யப்பட்டது:* "சென்னை ஓஎம்ஆரில் நம் சபைக்கு ஆயிரம் பேர் அமரும் ஆராதனை அரங்கு! சதுர அடி 5,000 ரூபாய். உங்கள் குடும்பப் பெயரில் எத்தனை சதுர அடி விதைக்கப் போகிறீர்கள்?"

ஜெபின்: எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க. நான் 40 சதுர அடி எடுத்திருக்கேன் 🙏

ரூபா சித்தி: ஏல, ரெண்டு லட்சமா??

ஜெபின்: போனஸ் வந்துச்சு சித்தி.

பெரியப்பா: இடம் யார் பேர்ல பத்திரம் ஆயிருக்கு?

ஜெபின்: பெரியப்பா, ஏ.ஜி. தணிக்கை ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆயிட்டீங்க, ஞாபகம் இருக்கா 😄

பெரியப்பா: பென்ஷன் மாசாமாசம் வருது, ஞாபகம் இருக்கு. கேட்டதுக்குப் பதில் சொல்லு.

ஜெபின்: சபை பேர்லதான் இருக்கும். நம்ம ஊர் மாதிரி இல்ல பெரியப்பா. இங்க கமிட்டிச் சண்டை கிடையாது, எலெக்‌ஷன் கிடையாது, கோர்ட் கேஸ் கிடையாது. பாஸ்டருக்கு ஒரு தரிசனம் இருக்கு, எல்லாரும் அதுக்குப் பின்னால ஓடுதோம். ஆஸ்திரேலியாவுல இருக்கற ஹில்சாங் சபை மாடல்னு சொல்லுவாரு.

ரூபா சித்தி: அந்தப் பாட்டு போடுத கூட்டமா? நம்ம வாலிபர் ஆராதனையிலயும் அதத்தான பாடுதாங்க.

சிட்னி அத்தை (8:25): ஜெபின், ஹில்சாங் மாடல்னு உங்க பாஸ்டர் எந்த வருஷத்து ஹில்சாங்கைச் சொல்லுதாரு?

ஜெபின்: அத்தை, ஹில்சாங் பத்தின டாக்குமெண்டரி நானும் பாத்தேன். ஒரு மனுஷன் விழுந்துட்டாரு, அதுக்காக முழு சபையையும் தப்பு சொல்லலாமா?

சிட்னி அத்தை: ஒரு மனுஷன் கதையா இருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கை வேலையா இருக்கேன், கொஞ்ச நேரத்துல எழுதுதேன்.

சிட்னி அத்தை (9:10): பால்கம் ஹில்ஸ் எங்க வீட்டுக்குப் பக்கம்தான். 1983-ல பிரையன் ஹூஸ்டனும் அவர் சம்சாரம் பாபியும் அங்க ஒரு பள்ளிக்கூட ஹால்ல ஆரம்பிச்ச சபை இது. பிரையனோட அப்பா ஃபிராங்க் நியூசிலாந்துல பெரிய பெந்தெகொஸ்தே தலைவர், இங்க வந்து 1977-ல சிட்னி நகரத்துக்குள்ள ஒரு சபை தொடங்கியிருந்தாரு. பின்னால அப்பா சபையும் மகன் சபையும் ஒண்ணாச்சு. பாட்டு உலகம் முழுக்கப் போச்சு. லண்டன், கீவ், கேப்டவுன், நியூயார்க்னு கிளை பரவிட்டு. எங்க பிரதமரா இருந்த ஸ்காட் மோரிசன், 2008-ல பார்லிமெண்டுல பேசின முதல் பேச்சுலயே பிரையன் பேரைச் சொல்லி நன்றி சொன்னாரு. அவ்வளவு செல்வாக்கு.

சிட்னி அத்தை: அதுவரைக்கும் அவங்க ஆஸ்திரேலியன் கிறிஸ்டியன் சர்ச்சஸ்ங்கற கூட்டமைப்புல ஒரு சபை. 2018-ல அதுல இருந்து பிரிஞ்சு தனி டினாமினேஷன், அதாவது தனித் திருச்சபைப் பிரிவு ஆனாங்க. எங்க ஜனங்க பாதிக்கு மேல வெளிநாட்டுல இருக்காங்க, எங்க போதகர்களுக்கு நாங்களே அங்கீகாரம் கொடுத்துக்கிடுதோம்னாங்க.

பெரியப்பா: அப்போ போதகர் மேல புகார் வந்தா விசாரிக்கறதும் அவங்களேதான்.

சிட்னி அத்தை: பிரியறதுக்கு முன்னால மட்டும் என்ன வாழ்ந்துச்சு அண்ணே? 1997-ல இருந்து 2009 வரைக்கும் அந்தக் கூட்டமைப்புக்குத் தேசியத் தலைவரே பிரையன்தான்.

பெரியப்பா: ஓஹோ.

சிட்னி அத்தை: ஓஹோ சொல்லுத விஷயம் இனிமேதான் வருது. 1999-ல ஃபிராங்க் மேல ஒரு புகார் வருது. பல வருஷம் முன்னால, 1970-ல, ஏழு வயசுப் பையன்கிட்ட அவரு நடந்துக்கிட்ட விதம் பத்தி. புகாரு தேசியத் தலைவர்கிட்ட வருது. தலைவரு யாரு? மகன். மகன் கேட்டாரு, அப்பா ஒத்துக்கிட்டாரு. போலீஸுக்குச் சொல்லல. 2000-ல ஓய்வுன்னு பேர் போட்டு அனுப்பிட்டாங்க. பாதிக்கப்பட்டவருக்குப் பத்தாயிரம் டாலர். மெக்டொனால்ட்ஸ்ல உக்கார வச்சு ஒரு நாப்கின்ல கையெழுத்து வாங்கினாங்கன்னு அவரே பின்னால விசாரணைக் கமிஷன்ல சாட்சி சொன்னாரு.

ரூபா சித்தி: மதினி, குரூப்ல சின்னப் பிள்ளைகளும் இருக்கு…

சிட்னி அத்தை: தெரியும் ரூபா. அதனாலதான் இவ்வளவோட நிறுத்தினேன்.

ஜெபின்: ஆனா அத்தை, அப்பா குத்தத்தை மறைச்சதா பிரையன் மேல போட்ட கேஸ்ல அவரு குற்றவாளி இல்லன்னு 2023-ல கோர்ட் சொல்லிட்டு. போலீஸுக்குப் போக வேண்டாம்னு பாதிக்கப்பட்டவரே நினைச்சாருன்னு பிரையன் நம்பினது நியாயமான காரணம்னு மாஜிஸ்திரேட் ஏத்துக்கிட்டாரு. அதையும் சொல்லணும்ல?

சிட்னி அத்தை: சொல்லணும்தான். நீ சொன்னது சரி, மறைச்ச குற்றத்துல விடுதலை. ஆனா அதுக்கு முன்னாலயே அந்த விசாரணைக் கமிஷன், ராயல் கமிஷன், 2015-ல அறிக்கை கொடுத்துச்சு. சொந்த அப்பா மேல வந்த புகாரை மகனே கையாண்டதுல நலன் முரண்பாடு இருந்துச்சு, கூடியிருந்த தலைவர்களும் அதைக் கவனிக்கலன்னு. ஜெயிலுக்குப் போற குத்தமாங்கறது ஒரு கேள்வி. அந்த நாற்காலியில வேற ஒருத்தர் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்ங்கறது வேற கேள்வி.

ஷெரின் (சிட்னி): அம்மா எழுதறது முழுக்க சரி. நான் பத்தாங்கிளாஸ்ல இருந்து அங்க போனவ, அதனால ஒண்ணு சொல்லுதேன். அங்க போனவங்க எல்லாம் முட்டாள்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு நல்ல ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சதே அங்கதான். கார் பார்க்கிங்ல மஞ்சக் கோட்டு போட்டு மழையில நிப்போம், சம்பளம் கிடையாது, சந்தோஷமா செஞ்சோம். ஜெபின் இப்ப எப்படி இருக்கானோ அப்படித்தான் நானும் இருந்தேன்.

ஜெபின்: 🙂

ரூபா சித்தி: அப்புறம் ஏன் மக்கா விட்ட?

ஷெரின்: 2022 மார்ச்ல, சித்தி. ரெண்டு பெண்கள் பிரையன் மேல கொடுத்த புகார் வெளிய வந்துச்சு. ஒண்ணு, கிட்டத்தட்ட பத்து வருஷம் முன்னால ஆபீஸ்ல வேலை பாத்த பெண்ணுக்கு அனுப்பின மெசேஜ். இன்னொண்ணு 2019 கான்ஃபரன்ஸ் சமயம், ஒரு பெண்ணோட ஓட்டல் ரூமுக்குப் போய் 40 நிமிஷம் இருந்தது. முதல் விஷயத்துக்குத் தூக்க மாத்திரை, ரெண்டாவதுக்கு மதுவும் பதட்ட மாத்திரையும்னு சபை நிர்வாக போர்டு விளக்கம் சொன்னாங்க. எனக்கு அந்த விளக்கத்தை விடப் பெருசாப் பட்டது வேற. போர்டுக்கு ரெண்டும் முன்னாலயே தெரியும். சபைக்கு மட்டும் தெரியாது. செய்தி வெளிய கசிஞ்ச பிறகுதான் எங்களுக்கு அறிக்கை வந்துச்சு. சில நாள்ல ராஜினாமா.

ரூபா சித்தி: அமெரிக்காவுல ஒரு பாஸ்டர் இருந்தாரே, சினிமாக்காரர் மாதிரி? பாட்டுக்காரப் பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரு.

ஷெரின்: கார்ல் லென்ட்ஸ். ஜஸ்டின் பீபருக்கு, ஒரு பாஸ்கெட்பால் வீரர் வீட்டுக் குளியல் தொட்டியில.

ரூபா சித்தி: தொட்டியிலயா!! நம்ம ஆச்சி ஆத்துல முழுகினாத்தான் முழுக்குன்னு சண்டை போடுவாங்க.

ஷெரின்: ஆள் உயரம்லா சித்தி, பெரிய தொட்டியா இருந்திருக்கும் 😄 அவரை 2020 நவம்பர்ல வேலையை விட்டு நீக்கினாங்க. மனைவிக்குத் துரோகம் பண்ணினதை அவரே ஒத்துக்கிட்டாரு.

பெரியப்பா: அந்தக் கதையெல்லாம் எந்த சபையிலயும் நடக்கும். பணத்துக்கு வாங்க.

சிட்னி அத்தை: இவருக்கு அதுலதான் கண்ணு. 2023 மார்ச்ல ஆண்ட்ரூ வில்கின்னு ஒரு சுயேச்சை எம்.பி., உள்ள வேலை பாத்தவங்க கொடுத்த கட்டுக்கட்டான ஆவணத்தை பார்லிமெண்டுல வச்சாரு. மூணு மாசத்துல பிரையனோட தனி விமானச் செலவு மட்டும் 55,000, 52,000, 30,000, 22,000, 20,000 டாலர்னு வாசிச்சாரு. மெக்சிகோ கான்கூன்ல குடும்பமும் நண்பர்களும் மூணு நாள் தங்கினதுக்கு ஒன்றரை லட்சம் டாலர். பாபிக்கு 6,500 டாலர்ல கார்த்தியே வாட்ச். எல்லாம் சபைப் பணம்னு அவர் குற்றச்சாட்டு.

பெரியப்பா: கூட்டிப் பாத்தேன். விமானம் 1,79,000.

ரூபா சித்தி: அத்தான் கால்குலேட்டரோடவே உக்காந்திருக்காங்க 😄

ஜெபின்: குற்றச்சாட்டுதானே அத்தை. பல விஷயத்தைச் சூழ்நிலையில இருந்து பிச்சு எடுத்துச் சொல்லுதாங்கன்னு ஹில்சாங் பதில் கொடுத்துச்சு.

சிட்னி அத்தை: ஆமா, கொடுத்துச்சு. நான் தீர்ப்பு சொல்லல. ஆனா ஒண்ணு யோசி. அவங்க வருஷா வருஷம் பளபளன்னு ஆண்டறிக்கை போட்டவங்கதான். கணக்கு தணிக்கையும் ஆச்சு. காணிக்கைப் பொட்டியில போட்ட ஜனங்க அதை வாசிச்சாங்க. வாசிச்சவங்க யாருக்கும் எழுந்து கேள்வி கேக்க உரிமை இல்ல, ஓட்டு இல்ல. கேக்கறதுக்கு ஒரு எம்.பி. வர வேண்டி இருந்துச்சு.

பெரியப்பா: தணிக்கை அறிக்கைங்கறது ஒரு காகிதம் ஜெபின். 34 வருஷம் அதைத்தான் எழுதினேன், எனக்குத் தெரியும். அதைப் படிச்சுட்டு ஒருத்தனை மாத்த உனக்கு அதிகாரம் இருக்கான்னு பாரு. இல்லன்னா அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, தகவலுக்காகக் கொடுத்தது.

ஜெபின்: அப்ப நம்ம ஊர் சிஎஸ்ஐ சபை மட்டும் உத்தமமா? தேர்தல் வச்சு என்ன கிழிச்சோம்? எத்தனை திருமண்டலத்துல தேர்தல் கோர்ட்டுல நிக்குது? எத்தனை இடத்துல ரிட்டையர்டு ஜட்ஜ் வந்து நிர்வாகம் பாத்தாங்க? ஒரு பள்ளிக்கூட வேலைக்கு என்ன ரேட்டுன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு வெறுத்துத்தானே வெளிய வந்தேன்.

ரூபா சித்தி: இந்தப் பய கேக்கறதுல நியாயம் இருக்கு அத்தான்.

பெரியப்பா: இருக்கு. வெக்கக்கேடுதான். ஆனா அந்த ரேட்டு ஊருக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது? தோத்தவன் கேஸ் போட்டான், பேப்பர்ல வந்துச்சு. சங்கக் காணிக்கை கட்டுத எவனும் கமிட்டியில எழுந்து கத்தலாம். நானே கத்தியிருக்கேன். சபைப் போதகர் ஐயரு ஆறு மாசம் எங்கிட்டப் பேசல. உங்க சபையில கத்துறதுக்கு எங்க போவ?

ஜெபின்: கத்த வேண்டிய தேவையே வரலன்னா?

பெரியப்பா: ரெண்டு லட்சம் கொடுக்கறவனுக்குத் தேவை வரும்.

சிட்னி அத்தை: அண்ணே, அவனை விரட்டாதீங்க. ஜெபின், இடிஞ்சது எவ்வளவு வேகமாங்கறதைச் சொல்லி முடிச்சிடுதேன். அமெரிக்காவுல 16 கிளை இருந்துச்சு. பிரையன் ராஜினாமா பண்ணின சில வாரத்துக்குள்ள 9 பிரிஞ்சு போயிட்டு. விலகினா போட்டிக்குச் சபை தொடங்க மாட்டோம், வெளிய பேச மாட்டோம்னு ஒப்பந்தத்துல கையெழுத்து கேட்டாங்கன்னு பீனிக்ஸ்ல டெரி கிறிஸ்ட்னு ஒரு பாஸ்டர் வெளிப்படையாச் சொன்னாரு. கம்பெனிக்காரன் கேக்குத கையெழுத்து அது. ஒரே பேரு, ஒரே பாட்டு, ஒரே லைட்டிங். பேருக்குக் கறை விழுந்ததும் அந்தப் பேரை மாட்டியிருக்க எவனும் விரும்பல. தனித்தனியாப் பிரிஞ்சவங்க புதுப் பேரு வச்சுக்கிட்டாங்க.

ஷெரின்: இங்க இன்னும் சபை இருக்கு. ஃபில் டூலின்னு ஒருத்தர் இப்ப தலைவர், முன்னால தென்னாப்பிரிக்கக் கிளையை நடத்தினவரு. என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் இப்பவும் போறாங்க. பிரையனும் பாபியும் ஆன்லைன்ல வேற ஊழியம் ஆரம்பிச்சாச்சு.

ரூபா சித்தி: அப்போ அந்தப் பாட்டைப் பாடலாமா வேண்டாமா?

ஷெரின்: நான் பாடுதேன் சித்தி. சிலது பாட முடியல. அது எனக்கே விளங்கல.

ரூபா சித்தி (10:50): ஆச்சி வாய்ஸ் மெசேஜ் போடத் தெரியாம எங்கிட்டச் சொல்லுதாங்க, அப்படியே எழுதுதேன்: "கோயில் கட்டக் கொடுக்கறது நல்ல காரியம். எங்க காலத்துல பிடியரிசி எடுத்துக் கொடுத்தோம். ஆனா யார் வீட்டுக்குப் போச்சுன்னு சுற்றிலும் பாத்துக்கிட்டேதான் இருந்தோம். ஜெபினுக்குக் கல்யாணம் எப்போ?"

ஜெபின்: ஆச்சி 🙏🙏 அது வேற குரூப்ல பேசலாம்.

பெரியப்பா: பாஸ்டர்கிட்ட மூணு காகிதம் கேளு. டிரஸ்ட் பத்திரக் காப்பி, போன மூணு வருஷத்துத் தணிக்கை அறிக்கை, இடத்துப் பத்திரம். நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை இல்லன்னு சொன்னா அதுக்காகச் சந்தேகப்படாத. மதக் காரியத்துக்கு மட்டும்னா அந்த வரிச் சலுகை பொதுவாக் கிடைக்காது. டிரஸ்டிங்க பேரைப் படி, மத்தது அப்புறம்.

ஜெபின்: கேட்டா தப்பா நினைப்பாங்க.

பெரியப்பா: தப்பா நினைச்சா அதையும் எழுதி அனுப்பு.

செவ்வாய்க்கிழமை

ஜெபின் (இரவு 9:35): கேட்டுட்டேன்.

ரூபா சித்தி: என்னல சொன்னாங்க?

ஜெபின்: பாஸ்டர் சிரிச்சாரு. "தம்பிக்கு யாரோ கேள்வி சொல்லிக் கொடுத்திருக்காங்க"ன்னாரு. அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடக் கூடாதுங்கற வசனத்தைச் சொன்னாரு. அப்புறம் ஆபீஸ் அண்ணன்கிட்டப் பேசச் சொன்னாரு. அந்த அண்ணன் நல்லவரு. டிரஸ்ட் பத்திரத்தைக் காட்டினாரு, போட்டோ எடுக்க விடல.

பெரியப்பா: பேரு படிச்சியா?

ஜெபின்: மூணு டிரஸ்டி. பாஸ்டர், பாஸ்டரம்மா, பாஸ்டரம்மாவோட தம்பி.

சிட்னி அத்தை: ம்.

ஜெபின்: இடத்துப் பத்திரம் வக்கீல்கிட்ட இருக்காம். தணிக்கை அறிக்கை "ரெடி ஆயிட்டு இருக்கு".

பெரியப்பா: எந்த வருஷத்துது?

ஜெபின்: அதை அவரு சொல்லல.

ரூபா சித்தி: பணம் கொடுத்துட்டியா?

ஜெபின்: 10,000 டோக்கன் கொடுத்திருந்தேன், அது போனா போகட்டும். மிச்சத்தை நிறுத்தி வச்சிருக்கேன். கிட்டார் வாசிக்கப் போவேன். அந்தப் பசங்க என் பசங்க. அதுல யாரும் பேசாதீங்க.

ஷெரின்: யாரும் பேசல. போ.

பெரியப்பா: டிரஸ்ட் பத்திரம் பதிவானதுன்னா சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல நகலுக்கு மனு போட்டுப் பாக்கலாம். பதிவு நம்பரும் வருஷமும் வேணும். பாத்தப்போ குறிச்சியா?

ஜெபின்: நம்பர் குறிச்சேன். வருஷம் 2019.

பெரியப்பா: எந்த ஆபீஸ் முத்திரை?

ஜெபின்: திருப்போரூர்னு நினைக்கேன்.

பெரியப்பா: நினைக்கேன்னா ஆகாது. வியாழக்கிழமை நான் சென்னை வாரேன், கண் டாக்டருக்கு. காலையில அங்க போயிட்டு அப்படியே டாக்டர்கிட்டப் போவோம்.

ரூபா சித்தி: அத்தான், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் காலையிலதான் 😄

பெரியப்பா: மாத்திக்கலாம்.