வாஷிங் மெஷின்ல எஃப்21 வருது, போர்டு போச்சுங்குறாங்க, உண்மையா?

உட்லண்ட்ஸ்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு மெஷின் ஃப்ரண்ட் லோட், 7 கிலோ, வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு, கம்பெனி பேரு வேணாம் அப்புறம் அதைப் பத்தியே பேச்சு போயிடும். முந்தாநாள் ராத்திரி துணியைப் போட்டுட்டு படுத்துட்டோம், காலையில பார்த்தா துணி தண்ணியிலயே ஊறிக்கிட்டு கிடக்கு, டிஸ்ப்ளேல எஃப்21. கூட வந்த புக்குல "மோட்டார் கோளாறு, சர்வீசை அழைக்கவும்"னு ஒரே வரி. சரின்னு ஒருத்தரைக் கூப்பிட்டா அவரு மேல்மூடியைக்கூட கழட்டல, ஆஃப் பண்ணாரு, ஆன் பண்ணாரு, மறுபடி எஃப்21, உடனே மெஷினை இயக்குற சர்க்யூட் போர்டு போயிடுச்சு 380 சிங்கப்பூர் வெள்ளி, ஜிஎஸ்டி தனி, சாமான் வர ரெண்டு வாரம், அதுக்கு புதுசே வாங்கிடலாம்னு சொல்லிட்டு வந்து பார்த்ததுக்கு 60 வெள்ளி வாங்கிட்டுப் போயிட்டாரு. டிரம்மைக் கையால சுத்தினா நல்லாத்தான் சுத்துது. பசங்க யூனிஃபார்ம் எல்லாம் ரெண்டு நாளா அம்மா கையால துவைக்கிறாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கு. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்களேன்.

தோபாயோ அக்கா:
ஒன்பது வருஷம் ஓடிச்சில்ல தம்பி, போதும், விடுங்க. புதுசு வாங்கினா பழசை டெலிவரிக்கு வர்றவங்களே காசு வாங்காம எடுத்துட்டுப் போகணும், 2021லேருந்து சிங்கப்பூர்ல அப்படித்தான் சட்டம், அதுக்கு தனியா காசு கேட்டா குடுக்காதீங்க.

சும்மா வந்தேன்:
கார்பன் பிரஷ், அதான் மோட்டார்ல சுத்துற பாகத்துக்கு கரண்ட் குடுக்குற கரித் துண்டு, தேஞ்சிருக்கும் ப்ரோ. ஆன்லைன்ல ஒரு ஜோடி 15 வெள்ளிக்குள்ள கிடைக்கும், மாத்துங்க, முடிஞ்சது. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பழைய ஃபிட்டர்:
தம்பி, கொஞ்சம் பொறு, எதையும் வாங்காத. முதல்ல இந்த எரர் கோடு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒண்ணு, ஒருத்தன் எஃப்21 இன்னொருத்தனுக்கு வேற. உன் புக்குல மோட்டார்னு போட்டிருக்கிறதால சொல்றேன், அந்த கோடுக்கு போர்டு போச்சுன்னு அர்த்தம் கிடையாது. போர்டு மோட்டாருக்கு கரண்ட் அனுப்புது, ஆனா "சுத்திக்கிட்டு இருக்கேன்"னு மோட்டார்லேருந்து பதில் வரல, அவ்வளவுதான். பதில் வராததுக்கு பெல்ட் கழண்டிருக்கலாம், பிரஷ் தேஞ்சிருக்கலாம், வேகத்தை அளக்குற டேக்கோ போயிருக்கலாம், வயர் விட்டிருக்கலாம், இதெல்லாம் இல்லன்னாதான் போர்டு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். கோடு வர்றதுக்கு முன்னாடி டிரம் அசையுதா, அசைஞ்சா எப்படி அசையுது?

உட்லண்ட்ஸ்காரன்:
அண்ணே நான் பக்கத்துல நின்னு பார்த்ததே இல்ல. அம்மாகிட்ட கேட்டேன். "மூணு நாளாவே அப்படித்தான்டா இருக்கு, கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும், திடீர்னு சாமி வந்த மாதிரி ஒரு ஆட்டம் ஆடும், நின்னுடும்"னாங்க. ஏம்மா சொல்லலன்னா நீ கேக்கலியேங்குறாங்க.

பழைய ஃபிட்டர்:
சபாஷ். அம்மா பாதி வேலையை முடிச்சுட்டாங்க, அந்த 60 வெள்ளியை அவங்ககிட்ட குடுத்திருக்கணும்.

பிரஷ் செத்துப்போனா மோட்டார் அசையவே அசையாது, இல்ல முக்கி முனகி மெதுவா சுத்தும். சாமி ஆடுதுன்னா கதை வேற. மோட்டார் பின்னாடி, பெல்ட் மாட்டுற புல்லி இருக்கிற பக்கம் இல்ல அதுக்கு எதிர்ப்பக்கம், ஒரு சின்ன காயில் இருக்கும், அதுக்குள்ள ஷாஃப்டோட சேர்ந்து ஒரு காந்தம் சுத்தும். சுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி அதுலேருந்து ஒரு சிக்னல் போர்டுக்குப் போகும். அதுதான் டேக்கோ. அந்த சிக்னல் போகலன்னா போர்டு என்ன நினைக்கும், ஐயோ மோட்டார் சுத்தவே இல்லையேன்னு இன்னும் கரண்ட், இன்னும் கரண்ட்னு ஏத்தும், டிரம் பாய்ஞ்சு எகிறும், அப்புறம் போர்டே பயந்து நிறுத்திட்டு கோடைக் காட்டும். உன்னோடது இதுதான்னு எனக்குப் படுது.

பிளக்கை உருவிடு, சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணாத, உருவியே வை. குழாயை மூடு. கீழ ஃபில்டர் வழியா தண்ணியை வடி, பழைய துண்டு ரெண்டு பக்கத்துல வச்சுக்க. அப்புறம் பின்பக்கத் தகட்டைக் கழட்டு. உள்ள கான்கிரீட் கல்லு இருக்கும், மெஷின் கனம், தனியா இழுக்காத.

சும்மா வந்தேன்:
அண்ணே எப்படியும் திறக்கப் போறாரு, பிரஷையும் மாத்திடட்டுமே.

உட்லண்ட்ஸ்காரன்:
சாரி அண்ணே, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே பிரஷ் ஆர்டர் பண்ணிட்டேன், நேத்து வந்துச்சு. ஞாயித்துக்கிழமை மச்சானைக் கூட்டிக்கிட்டு மெஷினை இழுத்தேன், எங்க வீவக அடுக்குமாடி வீட்டுல அடுப்படிக்குப் பின்னாடி இருக்கிற சர்வீஸ் யார்டு எவ்வளவு அகலம்னு உங்களுக்கே தெரியும், நான் உள்ள மாட்டிக்கிட்டேன், மச்சான் அடுப்படியில நின்னுக்கிட்டு டார்ச் அடிச்சான். பெல்ட் நல்லா இருக்கு. பழைய பிரஷ் ஒண்ணு 14 மில்லிமீட்டர், இன்னொண்ணு 11, புதுசு 36 இருக்கு. மாத்தினேன், மூடினேன், போட்டேன். எஃப்21. அதே சாமியாட்டம்.

பழைய ஃபிட்டர்:
பரவாயில்ல, 11க்கு வந்துடுச்சுன்னா எப்படியும் மாத்த வேண்டியதுதான், காசு வீண் இல்ல. இப்போ மல்டிமீட்டர் எடு. மோட்டார் கனெக்டரை உருவி, அந்த சின்ன காயிலுக்குப் போற ரெண்டு மெல்லிய வயர்ல ஓம்ஸ், அதான் மின்தடை, பாரு. மோட்டாருக்கு மோட்டார் மாறும், அறுபது எழுபதும் வரும், நூத்துக்கணக்குலயும் வரும், ஏதாவது ஒண்ணு நிலையா காட்டினா காயில் உசுரோட இருக்கு. அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு மோட்டாரைக் கையால வேகமா சுத்து, கொஞ்சூண்டு வோல்ட் வரணும், வந்தா காந்தமும் சரி. ரெண்டும் சரின்னா கனெக்டரைத் திரும்ப மாட்டிட்டு, போர்டுல போய்ச் சேர்ற முனையில அதே ரெண்டு வயரை அளந்து பாரு. ரெண்டு முனையிலயும் ஒரே நம்பர் வரணும்.

உட்லண்ட்ஸ்காரன்:
அண்ணே!! மோட்டார் முனையில 68. கையால சுத்தினா மீட்டர் துள்ளுது. போர்டு முனையில ஒண்ணுமே காட்டல, ஓப்பன். அப்போ நடுவுலதான்னு வயரை ஒவ்வொரு அங்குலமா தடவிப் பார்த்தேன், எங்கயும் அறுபடல. திரும்ப மோட்டார் கனெக்டரை உருவி டார்ச் அடிச்சா, ஒரு பின்னு மட்டும் பச்சை. குத்துவிளக்கைத் தேய்க்காம விட்டா களிம்பு ஏறுமே, அச்சு அசல் அந்தப் பச்சை. மேல வழவழன்னு ஏதோ ஒட்டுது, மோந்து பார்த்தா லாவண்டர்! துணிக்கு வாசனைக்கு ஊத்துற சாஃப்ட்னர் மோட்டார்கிட்ட எப்படி வந்துச்சு?

பழைய ஃபிட்டர்:
ஆஹா, ஆள் மாட்டிக்கிட்டான். சோப்பு போடுற டிராயர்லேருந்து டிரம்மைச் சுத்தி இருக்கிற தொட்டிக்கு ஒரு ரப்பர் குழாய் இறங்கும் பாரு, அதோட கிளிப் லூசாகியிருக்கும், இல்ல ரப்பர் வெடிச்சிருக்கும். அதுலேருந்து சொட்டு சொட்டா கீழ மோட்டார் மேல. இதை விட்டுட்டு பின்னை மட்டும் தேய்ச்சா ஆறு மாசத்துல மறுபடி இங்க வந்து நிப்ப. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஹார்ட்வேர் கடையில இருக்கும், இல்லன்னா எலக்ட்ரானிக் சாமான் கடைங்க இருக்கிற சிம் லிம் டவர் போ. அடிச்சு, சின்ன பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லா காயவிட்டு, எதிர்ல அந்தப் பின்னு போய் மாட்டுற பிடியை ஊசியால லேசா நெருக்கி விடு. அப்புறம் அளந்து பாரு.

தோபாயோ அக்கா:
நான் சும்மா படிக்க வந்தேன், இப்போ எங்க வீட்டு டிராயருக்குக் கீழ கையை விட்டுப் பார்த்துட்டு வர்றேன். ஈரமாத்தான் இருக்கு. எங்களோடது டாப் லோட், இன்வெர்ட்டர் மோட்டார்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, அதுக்கும் இதே வழிதானா அண்ணே?

பழைய ஃபிட்டர்:
இல்லம்மா, அதுல பிரஷ்ஷே கிடையாது, சுத்துறதை சொல்றதும் வேற மாதிரி. தண்ணி எங்கேருந்து வருதுன்னு மட்டும் பாருங்க. போர்டு பக்கம் கை வைக்காதீங்க, அதுல கரண்டைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர் பிளக்கை உருவின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல பிடிச்சு வச்சிருக்கும், தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

உட்லண்ட்ஸ்காரன்:
கிளிப் துருப்பிடிச்சு வாயைப் பிளந்துக்கிட்டு இருந்துச்சு, புதுசு போட்டேன். பின்னைத் தேய்ச்சேன், போர்டு முனையிலயும் 68 வந்துடுச்சு. இப்போ முதல் லோடு ஓடிக்கிட்டிருக்கு, அம்மா நாற்காலியைப் போட்டு முன்னாடியே உக்காந்துட்டாங்க. எஃப்21 வரல. ஆனா சுத்துறப்ப கறகறன்னு ஒரு சத்தம், லேசா கருகுற வாசனை, பயப்படணுமா?

பழைய ஃபிட்டர்:
புது பிரஷ் மோட்டாரோட வளைவுக்குத் தேஞ்சு உக்காரணும், அந்த சத்தம்தான். நாலஞ்சு லோடு பாதி துணி போட்டு, ஸ்பின்னைக் குறைச்சு வச்சு ஓட்டு. அதுக்கப்புறமும் வாசனை வந்தா எழுது. புகை வந்தா எழுதாத, பிளக்கை உருவு.

உட்லண்ட்ஸ்காரன்:
சரிண்ணே. அம்மா சொல்றாங்க, சாஃப்ட்னரே இனிமே வேணாமாம்.