பள்ளிக்கு வந்த ஊசி, மாத்திரை, மருத்துவர்: உங்கள் மனத்தில் இன்னும் நிற்பது எது?

திண்டுக்கல் தகப்பன்:
பையன் அப்போது ஆறாம் வகுப்பு. ஆண்டுக்கு ஒரு முறை வண்டியில் வருவார்களே, அந்த மருத்துவக் குழு வந்துபோனது எனக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமை சீருடையை ஊறவைத்துக் கசக்கும்போது சட்டைப்பையிலிருந்து கூழாய்ப் போன காகிதம் ஒன்று கையோடு வந்தது. நீல மை விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. "என்னடா இது?" என்றேன். "டாக்டர் உங்களிடம் கொடுக்கச் சொன்னார், மறந்துவிட்டேன்" என்றான். எல்லோருக்கும் கொடுத்தாரா என்று கேட்டேன். "எனக்கு மட்டும்தான் அப்பா. என் நெஞ்சில் ரொம்ப நேரம் குழாயை வைத்திருந்தார். மற்ற பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிந்தது என்று எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் குழுவின் செவிலியரே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். "சீட்டு வந்து சேர்ந்ததா ஐயா? ஏன் இன்னும் பையனை அழைத்துவரவில்லை?" அவருடைய பதிவேட்டில் இவன் பெயர் இருந்திருக்கிறது. பிள்ளைகளின் குறைகளைச் சீக்கிரமே கண்டு கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போனோம். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே ஓட்டை. முதலமைச்சர் காப்பீட்டில் அடைத்தாகிவிட்டது, இன்று கபடி ஆடுகிறான். ஆறு ஆண்டுகளாகச் சளி, இளைப்பு என்று நான் பணம் கட்டிக் காட்டிய இடத்தில் ஒருவர்கூட அவன் நெஞ்சில் அவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்த நர்ஸம்மா கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் போய்விடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
2017 பிப்ரவரி, தட்டம்மை ரூபெல்லா ஊசி. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும். அந்த ஊசி ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் என்னவெல்லாம் பரவியது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். என் வகுப்பில் ஒருவன் வரிசையில் நின்று சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டி வைத்திருந்தான். அவனுக்கு முன்னால் இரண்டே பேர். அவன் அம்மா வாசலிலிருந்து ஓடிவந்து, சுருட்டிய கையை இழுத்து இறக்கிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்றோர் உரிமை என்று ஒதுங்கி நின்றேன். அரசு மார்ச் வரை முகாமை நீட்டித்தது. அவன் அப்போதும் போட்டுக்கொள்ளவில்லை. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் காது, கண், இதயம் எல்லாம் பாதிக்கப்படும் என்பது எனக்கு அன்றே தெரியும். வெறும் புரளியை நம்பிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனவர்களை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

கரூர் அம்மா:
டீச்சர், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் வாசலில் இழுத்துக்கொண்டு போன அம்மாக்களில் நானும் ஒருத்தி. வெறும் புரளி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள். எங்களுக்கு வந்தது முதல்நாள் மாலை டைரியில் ஒட்டிய ஒரு துண்டுக் காகிதம். கையெழுத்துப் போடு என்றது. என்ன மருந்து, ஏன் இப்போது என்று எதுவும் அதில் இல்லை. பயந்த தாய்க்குப் பதில் சொல்ல அன்று பள்ளியில் யாருமே இல்லை.

என் மனத்தை மாற்றியது எங்கள் கிராம சுகாதார செவிலியர். அடுத்த புதன்கிழமை அங்கன்வாடியில் வைத்து, குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து என் கண்ணருகே நீட்டினார். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சதுரம். "உள்ளே இருக்கும் சதுரம் வெளிறி இருக்கிறதா, பார். சூடு பட்டால் அது கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் நானே போடமாட்டேன். மருந்துப் பொடியைக் கரைத்த பிறகு 4 மணி நேரம்தான் வைத்திருக்கலாம், மிச்சத்தை யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. என் கேள்விகள் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அங்கேயே இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டேன்.

சத்துணவுக்கூடத்துக்காரர்:
எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலையில் சாப்பிடாமல் வந்து, மாத்திரையைப் போட்டதும் வாந்தி எடுத்துவிட்டாள். என் மடியில்தான் தலைவைத்துப் படுத்திருந்தாள்.

அதனால் பெற்றோருக்குச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் கொடுக்கவே கூடாது. மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான். முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காப்பி வேண்டாம், சத்து உடம்பில் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது இரும்பின் நிறம். குடற்புழு மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். அதை மென்று தின்ன வேண்டும், அப்படியே விழுங்கக் கூடாது. 1 முதல் 2 வயதுப் பிள்ளைக்கு அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து. வயிற்றில் புழு நிறைய இருந்தால் அன்று லேசாகக் குமட்டும், வயிறு வலிக்கும். அதை மாத்திரையின் கோளாறு என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். காய்ச்சலாகக் கிடக்கும் பிள்ளைக்கு அன்று வேண்டாம், விடுபட்டவர்களுக்கென்று பின்னால் ஒரு நாள் உண்டு. எந்த மாத்திரையையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள். ஆசிரியர் கண்முன்னே சாப்பிட்டால்தான் கணக்கு.

பழைய மாணவி:
எனக்குப் பள்ளியில் இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். பாட்டி, "பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்றார். வகுப்பில் போட்டுக்கொள்வேன். மாலை மணி அடித்ததும் கழற்றி ஜாமெட்ரி பெட்டியில் காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். காம்பஸ் முனை கீறிக்கீறி, இடது கண்ணாடியில் நடுவே வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. அதோடுதான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். கொடுத்தவர்கள் ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்து பாட்டியிடம் பேசியிருக்கலாம்.

மதுரை அக்கா:
திண்டுக்கல் அண்ணா, என் தம்பி மகனுக்கும் போன வாரம் இப்படி ஒரு சீட்டு கொடுத்திருக்கிறார்கள். பேச்சு சரியாக வரவில்லை என்று. அந்த மையம் எங்கே இருக்கும்?

திண்டுக்கல் தகப்பன்:
எங்களுக்கு அரசு மருத்துவமனை வளாகத்திலேயே இருந்தது அக்கா. காலையிலேயே போய்விடுங்கள். இதயம் மட்டுமல்ல, பேச்சு, காது, நடை எல்லாம் அங்கே பார்க்கிறார்கள். 18 வயது வரை. சீட்டை இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
கரூர் அம்மா, அந்த வட்டமும் சதுரமும் எனக்குத் தெரியாது. அன்று மேசைமேல் புட்டிகள் இருந்தன. தெரிந்திருந்தால் ஒன்றைக் கேட்டு வாங்கி, வாசலில் நின்ற அந்த அம்மாவிடம் காட்டியிருப்பேன்.