வல்கனா, டைரக்ட்3டி 11 ஆ? பழைய மடிக்கணனிகளிலும் ஓட வேண்டும்

கொக்குவில் மாணவன்:
வணக்கம். எங்களூர் மாட்டுவண்டிச் சவாரியை வைத்து ஒரு சிறிய விளையாட்டை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட வேண்டும் என்பதால், இரண்டிலும் இயங்கும் வரைகலை இடைமுகமான (நிரல் வரைகலைச் சில்லுக்குக் கட்டளையிடும் வழி) வல்கனைக் கற்கத் தொடங்கினேன். திரையில் ஒரு முக்கோணத்தைக் காட்டுவதற்கே ஏறத்தாழ ஆயிரம் வரிகள் எழுத வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், விளையாடிப் பார்க்கவிருக்கும் நண்பர்களிற் பலர் நான்காம் தலைமுறை இன்டெல் மடிக்கணனிகளையே பாவிக்கிறார்கள் என்பதுதான். மைக்ரோசொப்ட் விண்டோஸுக்கென உருவாக்கிய இடைமுகமான டைரக்ட்3டியில் எழுதினால் விண்டோஸுக்குள் அடைபட்டுவிடுவேனா?

நல்லூரான்:
தம்பி, அந்த மடிக்கணனிகளே பாதி விடையைச் சொல்லிவிட்டன. விண்டோஸில் இன்டெலின் வல்கன் இயக்கி (வரைகலைச் சில்லை இயக்கும் மென்பொருள்) ஆறாம் தலைமுறையிலிருந்துதான் கிடைக்கிறது. நான்காம் தலைமுறையில் டைரக்ட்3டி 12 முன்பு இருந்தபோதிலும், பாதுகாப்புக் குறைபாடொன்றின் காரணமாக இன்டெல் அதைப் பிந்திய இயக்கியில் முடக்கிவிட்டது. ஆகவே டைரக்ட்3டி 11 இல் எழுதுங்கள். அடைபட்டுவிடுவோம் என்ற அச்சம் ஒரு காலத்தில் நியாயமானது; ஆனால் 2018 இல் வால்வ் நிறுவனம் லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவதற்கு வெளியிட்ட புரோட்டன் மென்பொருளில் உள்ள டிஎக்ஸ்விகே என்ற இடையடுக்கு, டைரக்ட்3டி அழைப்புகளை விளையாட்டு ஓடும்போதே வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கிறது. 2022 இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணனி, லினக்ஸில் இயங்கிக்கொண்டே விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுவதும் இந்த வழியிற்றான்.

உரும்பிராய் வாசி:
நல்லூரான் சொன்னது புதிய கணனிகளுக்கு முற்றிலும் சரி. தம்பியின் நண்பர்களுக்கு அன்று. டிஎக்ஸ்விகே தானே வல்கனின் மேல் நிற்பது, அதன் 2.0 பதிப்பிலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். அதே பழைய மடிக்கணனியில் லினக்ஸை நிறுவினால், வல்கன் 1.3 அதற்குக் கிடைக்காததால் அந்தப் பாலம் நடுவிலேயே அறுந்துவிடும். இரண்டு கரைகளிலும் ஏற்கெனவே இருப்பது, பலரும் கிழடு என்று ஒதுக்கிவிட்ட பழைய வரைகலை இடைமுகமான ஓப்பன்ஜிஎல். நான்காம் தலைமுறை இன்டெல்லுக்கு விண்டோஸில் 4.3 வரையும், லினக்ஸின் மேசா இயக்கியில் 4.6 வரையும் கிடைக்கும்; 4.3 ஐத் தாண்டாமல் எழுதினால் இரண்டிலும் ஓடும். 2017 இல் வந்த 4.6 உக்குப் பின் அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை என்பதும், ஆப்பிள் தன் சொந்த இடைமுகமான மெட்டலை முன்னிறுத்தி 2018 இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்ததும் உண்மைதான். ஆனால் நீங்கள் ஆப்பிளின் மக் கணனிகளைக் கேட்கவில்லை; சவாரித் தரவையில் ஓடும் மாடுகளுக்குக் கதிர்த்தடமும் (ஒளிக்கதிர்களின் போக்கைக் கணித்துக் காட்சியை வரையும் முறை) வேண்டியதில்லை.

நல்லூரான்:
டிஎக்ஸ்விகேயின் அந்த நிபந்தனையை நான் கவனிக்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: வரையும் பகுதியை விளையாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து வையுங்கள். ஷேடர்களுக்கு (வரைகலைச் சில்லில் ஓடும் சிறு நிரல்கள்) வல்கன் பாவிக்கும் ஸ்பிர்-வி வடிவத்தை டைரக்ட்3டியும் ஏற்கப்போவதாக மைக்ரோசொப்ட் 2024 இல் அறிவித்திருக்கிறது. இரு முகாம்களும் நெருங்கி வரும்போது, நீங்கள் மாற்ற வேண்டியது அந்த ஒரு பகுதியை மட்டுமே.

கொக்குவில் மாணவன்:
இருவருக்கும் நன்றி. ஓப்பன்ஜிஎல் 4.3 இலேயே தொடங்குகிறேன். வல்கன் முக்கோணத்தை அழிக்க மனமில்லை; அன்ட்ரொயிட் பதிப்புக்கு உதவும் என்று வைத்திருக்கிறேன்.