ஒரே வகுப்பில் மூன்று கூட்டம்: பேச வைப்பது எப்படி?

ஏற்காடு டீச்சர்:
ஏற்காட்டில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பாதிப் பேர் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் (பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்). கொஞ்சம் பேர் டவுன் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மீதி, காபி எஸ்டேட் லைன் வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கும் ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் பிள்ளைகள். சண்டையே கிடையாது. பேச்சும் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு மூன்று வட்டமாகத்தான் உட்காருவார்கள். போன வாரம், "உங்க ஊரைப் பத்திச் சொல்லு" என்று ஒரு பையனை எழுப்பினேன். கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே, "எங்க ஊர்ல மழை பெய்யும் டீச்சர்" என்றான். ஒரே சிரிப்பு. வேறு என்ன செய்யலாம்?

குகைக்காரன்:
டீச்சர், நாங்கள் சேலம் குகைப் பகுதி நெசவாளர்கள், வீட்டில் தெலுங்கு. சின்ன வயசில் வகுப்பில் "உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசு" என்பார்கள். எரிச்சலாக வரும், நாங்கள் என்ன பொருட்காட்சியா? அதுவே, தெருவில் பாவு (நெசவு நூல்) விரித்துக் கஞ்சி போடுவது எப்படி என்று கேட்டிருந்தால் மணி அடிக்கிற வரை பேசியிருப்போம்.

பி.எட். மாணவி, சேலம்:
எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் செய்ததைப் பாருங்கள். கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்ததும் பகை முற்றியது. அவர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கொன்று கொடுத்தார். மற்றவன் வாயைத் திறந்தால்தான் தனக்குப் பாடம் முழுசாகும். ஒரே துண்டு வாங்கியவர்கள் முதலில் தனியாகக் கூடிப் பேசிப் பார்த்துவிட்டு, அப்புறம் அவரவர் குழுவுக்குத் திரும்புவார்கள். கூச்சப்படுகிற பிள்ளைக்கு அந்த ஒத்திகைதான் தைரியம். உங்கள் ஊருக்குக் காபியையே பாடமாக வைக்கலாம்: 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த கதை, பழம் பறிப்பது, தோல் நீக்கிக் காயவைப்பது, விலை.

மலைக்காரி:
நல்ல யோசனை. ஆனால் பறிக்கிற துண்டை ஜார்க்கண்ட் பையனிடம் கொடுத்துவிடாதீர்கள்! அவன் அம்மா செய்கிற வேலை அவன் தலையிலேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் மலையாளிப் பிள்ளைகளுக்கும் எப்போதும் தேன், மிளகு, சேர்வராயன் கோயில் திருவிழாதான் கிடைக்கும், அலுத்துவிட்டது. அவனுக்குக் கலெக்டர் கதையைக் கொடுங்கள். கடைக்காரர் பிள்ளைக்குப் பறிப்பைக் கொடுங்கள், லைன் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வரட்டும்.

ஏற்காடு டீச்சர்:
இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்திகையில் ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஹிந்தியிலேயே பேசிக்கொண்டால்?

பி.எட். மாணவி, சேலம்:
பேசட்டுமே. குழுவுக்குத் திரும்பியதும் தமிழில் சொல்லித்தானே ஆகணும்?

ஏற்காடு டீச்சர்:
சரி. தோல் நீக்குகிற மெஷினைப் பிள்ளைகளுக்குக் காட்டணும். அடுத்த வாரம் எஸ்டேட்டில் கேட்டால் விடுவார்களா?

மலைக்காரி:
ஜூலையில் எந்த மெஷின் ஓடும் டீச்சர்? பறிப்பு ஆரம்பிக்க நவம்பர் ஆகிவிடும். அதுவரைக்கும் விலையும் கலெக்டரும் போதும்.