அன்னம் இணை கட்டுமா?

வணக்கம்.

அன்னங்கள் பற்றிய கட்டுரை 'பேர் பாண்ட்' (pair bond, ஆணும் பெண்ணும் சோடியாகச் சேர்ந்திருக்கும் பிணைப்பு) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நிற்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் அன்றிற்பிணை, இணைவிழைச்சு, தாம்பத்தியம். எனக்கு மூன்றுமே ஒப்பவில்லை.

அன்றிற்பிணை காதுக்கு இனிமைதான். ஆனால் அன்றில் என்றதும் பிரிந்தால் உயிர் தரிக்காத பறவை என்றுதான் மனம் போகும். குறுந்தொகை 57ஆம் பாட்டின் மகன்றிலுக்கோ இடையில் ஒரு பூ வந்தாலே ஓராண்டுப் பிரிவு! ஐரோப்பாவின் வெள்ளை அன்னமான ஊமை அன்னம் (mute swan) அப்படியில்லை. துணை இறந்தால் பெரும்பாலும் இன்னொன்றைத் தேடிக்கொள்ளும். குஞ்சு பொரிக்காமல் தோற்ற சோடிகள் சில பிரிந்தும் போகும்.

இணைவிழைச்சு புணர்ச்சியைக் குறிக்கும் சொல். ஊமை அன்னங்கள் இரண்டு வயதிலேயே சோடி சேர்ந்தாலும் முதல் கூடு பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில்தான். அந்த இடைக்காலத்தை என்னவென்று சொல்வது?

தாம்பத்தியத்துக்கு ஆஸ்திரேலியக் கருப்பு அன்னமே பதில் சொல்லிவிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். ஆனால் மரபணுவைச் சோதித்தபோது ஆறேழு குஞ்சுக்கு ஒன்று வேறு ஆணுக்குப் பிறந்தது. சோடி என்னவோ கலையவில்லை.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில், நகரத்தாரிடையே, கல்யாணமான ஒரு சோடியைக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி என்கிறோமே, அதுதான் இங்கே பொருத்தம். புள்ளி குடும்பத்தை எண்ணுகிறது, அவர்களுக்குள் எவ்வளவு அன்பு என்று கேட்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் புள்ளியியல்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அதனால் 'இணைக்கட்டு' என்கிறேன். கூடு கட்டுவது போல இணை கட்டும் என்று வினையாகவும் வரும். ஊமை அன்னத்தில் ஆண் நாணலும் கோரையும் கொண்டுவர, பெண் அடுக்கிக் கூடாக்கும். ஐந்தாறு முட்டைகளைச் சுமார் 36 நாள் பெண்தான் பெரும்பாலும் அடைகாக்கும். ஆண் இறக்கையை உயர்த்திக் காவல் நிற்கும். சேர்ந்து கட்டுகிற காரியம்தானே?

நம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயக் கண்மாய்க்கு அன்னம் வராது. ஆனால் அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

*

பள்ளத்தூரிலிருந்து ஒரு பதில்.

அண்ணே, வினை சரி. ஆனால் நம் ஊரில் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்றால் வீட்டின் பகுதி. 'இணைக்கட்டு' என்றால் எங்கள் ஆச்சி பக்கத்து முற்றத்தைத்தான் காட்டுவார்.

*

நல்லா மாட்டிவிட்டீர்கள் தம்பி! அப்படியானால் 'இணைக்கட்டு' வேண்டாம். செயலுக்கு 'இணைகட்டல்', கூடுகட்டல் போல. நிலையைச் சொல்லக் 'கட்டிய இணை' போதும். 'கருப்பு அன்னத்தின் கட்டிய இணை' என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், தடுக்கவில்லை. அப்புறம், துணையை இழந்த அன்னத்துக்கு யாரும் 'அரைப்புள்ளி' என்று போட்டுவிடாதீர்கள், ஆச்சி மறுபடி கோபிப்பார்.