பிளேக் கலகக்காரனா, வீண்பழி சுமந்தவனா?

வைகை வடகரை:
விண்வெளிக் கதை என்றாலே நாயகன் புரட்சிக்காரன் என்று எழுதிவிடுகிறோம். எனக்கு உடன்பாடில்லை. பலர் கலகம் செய்யக் கிளம்பியவர்களே இல்லை. அரசாங்கம் குற்றவாளிப் பட்டம் கட்டித் துரத்தியதால் அப்படி ஆனவர்கள். என் சாட்சி ‘பிளேக்ஸ் செவன்’. 1978 முதல் 1981 வரை பிபிசியில் 52 அத்தியாயங்கள் ஓடிய தொடர். பிளேக் தன் பாட்டுக்கு வாழ்கிற குடிமகன். குழந்தைகளிடம் தவறாக நடந்தான் என்று பொய் வழக்குப் போட்டு, சிக்னஸ் ஆல்ஃபா என்ற சிறைக்கோளுக்கு ஆயுளுக்கும் நாடு கடத்துகிறார்கள். ‘லிபரேட்டர்’ கப்பல், ஆள் சேர்ப்பு, தாக்குதல் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் வந்து குழப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்மட்டிபுரத்தான்:
முதல் அத்தியாயத்தை நடுவிலிருந்து பார்த்தீர்களா அண்ணே? பிளேக் அதற்கு முன்பே எதிர்ப்பியக்கத்தின் தலைவன். பிடித்தார்கள், ஊரறிய மனம் மாறியதாகச் சொல்லவைத்தார்கள், நினைவையும் அழித்தார்கள். தான் யாரென்று அவனுக்கே தெரியாது. பழைய ஆட்கள் வந்து சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தையே சுட்டுத் தள்ளுகிறார்கள், இவன் மட்டும் சாட்சியாக மிஞ்சுகிறான். கொன்றால் தியாகி ஆகிவிடுவான். அதனால்தான் சொல்லவே வாய் கூசுகிற ஒரு குற்றத்தைத் தேடி எடுத்தார்கள். வழக்கு பொய், ஆள் நிஜமான கலகக்காரன்.

ஸ்டார் வார்ஸ் வரத்தான் செய்யும். 1977 படத்தின் ஆரம்பத்திலேயே பேரரசின் கையாள் வேடர், இளவரசி லேயாவைக் கலகக் கூட்டணி ஆள், துரோகி என்கிறான். தூதுப் பயணம் போகிறேன் என்று அவள் சாதிக்கிறாள். ஆனால் பேரரசின் ராட்சத ஆயுத நிலையமான டெத் ஸ்டாரின் வரைபடத்தை ரோபோவுக்குள் ஒளித்துவைத்து அனுப்பியதே அவள்தான்! வேடர் சொன்னதில் ஒரு எழுத்து பொய்யில்லை. அதற்காக நாம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டோமா?

பேரையூர்க்காரி:
யாருக்கு வாக்குக் கொடுத்தார்கள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. 2015 ஸ்டார் வார்ஸ் படத்தில், வில்லன் படையை விட்டு ஓடிய சிப்பாய் ஃபின்னைப் பார்த்து அதே படையின் இன்னொரு சிப்பாய் (ஸ்டார்ம்ட்ரூப்பர்) ‘துரோகி’ என்று கத்துகிறான். ஃபின்னைச் சின்னப் பிள்ளையிலேயே குடும்பத்திலிருந்து பிடுங்கி வந்து, பெயருக்குப் பதில் எண் கொடுத்து வளர்த்தவர்கள் அவர்கள். கிராமத்தாரைச் சுடச் சொன்னார்கள், சுடவில்லை. அவன் எந்த வாக்கை மீறினான்?

ஸ்டார் ட்ரெக் நாயகன் கிர்க் கதை வேறு. அவர் விரும்பிச் சேர்ந்த அதிகாரி. 1984இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் நண்பன் ஸ்போக்குக்காக எண்டர்பிரைஸ் கப்பலையே திருடிக்கொண்டு போகிறார். 1986 படத்தில் விசாரணை. பூமியைக் காப்பாற்றிவிட்டதால் ஒன்றைத் தவிர எல்லாம் தள்ளுபடி. மேலதிகாரி பேச்சைக் கேட்காததற்காக அட்மிரலைக் கேப்டனாக இறக்கினார்கள். அவர் ஆசைப்பட்ட வேலையே அதுதான்! இப்படி ஒரு தண்டனை நமக்குக் கிடைத்தால் ஆபீஸ் முழுக்க ஸ்வீட் கொடுப்போம்.

வைகை வடகரை:
கிர்க்கை விடுங்கள் அக்கா, அவர் செல்லப்பிள்ளை. பிளேக்குக்காவது ஒரு வக்கீல் இருந்தார். உண்மையைத் தோண்டியதற்காக அவரையும் மனைவியையும் தீர்த்துக்கட்டினார்கள். நம்ம மதுரைக்கு வந்த கோவலனுக்கு அதுகூட இல்லை. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் ஆளனுப்பினான், கதை முடிந்தது. அவனைக் கலகக்காரன் என்கிறோமா?

சம்மட்டிபுரத்தான்:
கோவலன் சிலம்பு விற்க வந்த மனுஷன், எந்த அரசை எதிர்த்தான்? மதுரையிலிருந்துதான் உதாரணம் வேண்டுமென்றால் எங்கள் ஏரியாவுக்கு வாருங்கள். கான் சாகிபு இங்கேதான் அடங்கியிருக்கிறார். மருதநாயகம் என்கிற யூசுப் கான். கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தளபதியாக இருந்து மதுரையை நிர்வகித்தவர். ஆற்காட்டு நவாபோடு பகை முற்றி 1763இல் பிரெஞ்சுக் கொடி ஏற்றினார். நவாபும் கம்பெனியும் சேர்ந்து முற்றுகை போட்டும் கோட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தது. கடைசியில் உள்ளேயிருந்த பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தும் திவான் சீனிவாசராவும் சேர்ந்து பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கு. கம்பெனி அவரைக் கலகக்காரர் என்றது. ஆமாம், கலகம்தான் செய்தார்! பாவம், வீண்பழி என்று நாம் உச்சுக்கொட்டினால் அவர் செய்த காரியத்தையே அழித்துவிடுகிறோம். பிளேக்குக்கும் அதேதான்.

பேரையூர்க்காரி:
தம்பி, அதே கான் சாகிபு கம்பெனிச் சம்பளத்தில் புலித்தேவனோடு சண்டை போட்டவர். இந்த வாதத்தைப் புலித்தேவன் ஊரான நெற்கட்டும்செவலில் போய்ச் சொல்லிப் பாருங்கள். ஃபின்னைப் போல யாரும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வளர்க்கவில்லை. விரும்பிப் போனார், மனம் மாறினார். கம்பெனிக்காரன் அவரைத் துரோகி என்றால், அவன் கணக்கில் அது சரிதான்.

ஜிகர்தண்டா பிரியன்:
ராக்கெட் புறப்பட்டு நெற்கட்டும்செவலில் இறங்கிவிட்டது. யாராவது திருப்புங்கப்பா.

வைகை வடகரை:
சரி, திருப்புகிறேன். 1981 டிசம்பர் 21 அன்று ஒளிபரப்பான கடைசி அத்தியாயம். பிளேக் பரிசுப் பணத்துக்கு ஆள் பிடிப்பவன்போல வேஷம் போட்டு, வருகிறவர்கள் நம்பத் தகுந்தவர்களா என்று சோதித்து இயக்கத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஏவானின் குழுவில் இருக்கும் டாரன்ட் அந்த வேஷத்தை நம்பி, நம்மை விற்றுவிட்டான் என்று பிளேக்கின் பழைய கூட்டாளி ஏவானிடம் சொல்கிறான். ஏவான் பிளேக்கைச் சுட்டே விடுகிறான். பிளேக் யாரையும் விற்கவில்லை. அரசாங்கம் அவனுக்கு எத்தனையோ பட்டம் கட்டியது. செய்யாத துரோகத்துக்காக உயிரை எடுத்தது சொந்தக் கூட்டாளி. இப்போதாவது வீண்பழி என்று ஒப்புக்கொள்வீர்களா?

சம்மட்டிபுரத்தான்:
அங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசாங்கம் பட்டம் கட்டியதால் கலகக்காரன் ஆனான் என்றுதானே தொடங்கினீர்கள்? இங்கே பழி போட்டவர்களும் கலகக்காரர்கள்தானே! உங்கள் முதல் பதிவை நீங்களே வெட்டிவிட்டீர்கள். ஏவானும் லேசுப்பட்டவன் இல்லை. கணினியில் பண மோசடி செய்யப்போய் மாட்டிக் கைதிக் கப்பலுக்கு வந்தவன், யாரையும் நம்பாத ஜாதி.

பேரையூர்க்காரி:
ஏவானை மட்டும் திட்டிப் பயனில்லை. பிளேக் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஆர்லன் அரசாங்கத்தின் ஒற்று. அதே சோதனையை வைத்துத்தான் டாரன்ட்டை விரட்டியடித்தான். ஒற்றை உள்ளே விட்டு நண்பனை மிரள வைத்த அந்தச் சோதனை யாருடைய யோசனை வடகரை அண்ணே?